வாத்து முட்டையையும் கோழி முட்டையையும் ஒரே அடையில் பொரிக்கும் முறை

சம்பா அறுவடை முடிந்ததும் வாத்துக்காரர்கள் தங்கள் மந்தைகளைத் தாள் கழனிகளில் மேய விடுவது நமது நெற்சீமைகளில் நெடுநாளைய வழக்கம். அக்காலத்தில் சில வாத்து முட்டைகளை வாங்கி, வீட்டிலுள்ள அடைக்கோழியின்கீழ் வைத்துக் குஞ்செடுக்க விரும்பும் குடியானவர்கள் பலர். நமது நாட்டு வாத்துகள் முட்டையிடுவதில் சிறந்தவையேயன்றி அடை காப்பதில் நாட்டமுடையவை அல்ல. ஆகையால் கோழியின் உதவி அவசியமாகிறது.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் ஓர் அம்மையார் ஆறு வாத்து முட்டைகளையும் ஆறு கோழி முட்டைகளையும் ஒரே நாளில் அடை வைத்தார். இருபத்தோராம் நாளில் கோழிக் குஞ்சுகள் ஐந்து வெளிவந்தன. மறுநாள் தாய்க்கோழி அவற்றை அழைத்துக்கொண்டு கூடையை விட்டு இறங்கிவிட்டது. நான் சென்றபோது வாத்து முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன. உடைத்துப் பார்க்க, ஒவ்வொன்றிலும் உருவமைந்த குஞ்சு இறந்திருந்தது. குற்றம் கோழியினுடையதன்று; முட்டையினுடையதுமன்று. நாட்கணக்கே தவறியது.

கோழி முட்டை பொரிய 21 நாட்களும், வாத்து முட்டை பொரிய 28 நாட்களும் ஆகும். எனவே வாத்து முட்டைகளை ஏழு நாள் முன்னதாக வைத்தல் வேண்டும். உதாரணமாக, வாத்து முட்டைகளைத் தை 1-ஆம் தேதி மாலையிலும், கோழி முட்டைகளைத் தை 8-ஆம் தேதி மாலையிலும் வைத்தால், இரண்டும் தை 29-ஆம் தேதியையொட்டிப் பொரியும். மஸ்கோவி வாத்தின் முட்டைக்கோ 35 நாட்கள் வேண்டும். அதனைக் கோழி முட்டைக்குப் பதினான்கு நாள் முன்னதாக வைக்க வேண்டும்.

முட்டைகள் ஆண் பறவையுள்ள மந்தையினின்று பெற்றவையாகவும், இட்டு ஏழு நாட்களுக்கு மேற்படாதவையாகவும் இருத்தல் நலம். வெடித்தனவும் சேறு படிந்தனவும் ஆகா. வாத்து முட்டை பெரிதாகையால், சாதாரண நாட்டுக்கோழிக்கு வாத்து முட்டை ஐந்தும் கோழி முட்டை ஐந்தும் போதும். அதற்கு மேற்பட்டால் ஓரத்து முட்டைகள் உஷ்ணம் பெறா.

எட்டாம் தேதியன்று இரவு, இருட்டறையில் வாத்து முட்டைகளை விளக்கின்முன் பிடித்துப் பார்க்கவும். சிலந்திபோல் நரம்பு படர்ந்திருப்பின் கரு வளர்கிறதென்று அறியலாம். தெளிவாக இருப்பவை கூமுட்டைகள். அவற்றை நீக்கி, அவ்விடத்தில் கோழி முட்டைகளை வைக்கலாம்.

வாத்து முட்டைகளைப் புரட்டுவது சிறு கோழிக்குக் கடினமாகையால், நாமே தினம் மூன்று முறை புரட்டிவிட வேண்டும். முட்டையின் ஒருபுறம் பென்சிலால் குறியிட்டால் தவறு நேராது. தாய்வாத்து நனைந்த இறகுடன் வந்து அமரும்போது முட்டைக்குக் கிட்டும் ஈரம் கோழியிடம் கிட்டாது. இதற்காக, கோழி இரை தின்ன இறங்கும் நேரத்தில் வாத்து முட்டைகளின்மீது வெதுவெதுப்பான நீரைத் தினம் ஒருமுறை லேசாகத் தெளிக்கவும். இடிக்கு அஞ்சிக் கூடையில் இரும்புத் துண்டும் கரியும் இடும் வழக்கத்தால் தீங்கில்லை. ஆயினும் முட்டையைக் காப்பது உஷ்ணமும் ஈரமுமேயாம்.

பொரிப்பதற்கு மூன்று நாள் முன்னர்ப் புரட்டுவதை நிறுத்திவிட வேண்டும். மேற்கூறிய கணக்குப்படி அது இருவகை முட்டைகளுக்கும் தை 26-ஆம் தேதியாகவே அமைகிறது. சிறிய மின்சார யந்திரத்தில் பொரிப்பவர்களுக்கும் இக்கணக்கே உதவும். விசிறியுள்ள யந்திரத்தில் உஷ்ணம் 37.5 டிகிரி சென்டிகிரேடாகவும், ஈரப்பதம் 55 சதவிகித அளவிலும் இருத்தல் வேண்டும். கடைசி மூன்று நாட்களில் ஈரப்பதத்தை 70 சதவிகித அளவுக்கு உயர்த்த வேண்டும். மின்சாரம் நின்றால் பெட்டியைக் கம்பளியால் மூடி வைக்கவும். சற்றுக் குளிர்ச்சியைக் காட்டிலும் அதிக உஷ்ணமே கருவுக்குப் பெருங்கேடு.

முந்திப் பொரித்த குஞ்சுகளைத் துணி விரித்த கூடையில் கதகதப்பாக வைத்து, மற்றவை வெளிவந்தபின் தாயிடம் விடுக. இல்லாவிடில் கோழி மிகுதி முட்டைகளைக் கைவிட்டு இறங்கிவிடும். வாத்துக் குஞ்சு ஓட்டைக் கொத்திய பின் வெளிவர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் இரத்தம் கசிந்து குஞ்சு இறக்கும்.

ஒன்றாகப் பொரித்தவற்றை ஒன்றாகவே வளர்க்கலாம் என்று எண்ணலாகாது. வாத்துக் குஞ்சுகள் தண்ணீரைச் சிந்திப் படுக்கையை நனைத்துவிடும். அவ்வீரத்தில் கோழிக் குஞ்சுகள் இரத்தக் கழிச்சலுக்கு ஆளாகும். ஆகவே சில நாட்களுக்குள் இரண்டையும் பிரிப்பதே உத்தமம். வாத்துக் குஞ்சுக்கு மூக்கு நனையும் ஆழத்தில் குடிநீர் வேண்டும். ஆயினும் தாய்வாத்தின் இறகு நெய் கிட்டாமையால், மூன்று நான்கு வாரங்கள் வரை ஏரியிலோ குட்டையிலோ நீந்த விடலாகாது. நனைந்து குளிரால் மடியும். பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கை அறவே விலக்கவும். 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் லட்சத்துக்கு மேலும், அவற்றோடு வாத்துக் குஞ்சுகளும் மாண்டதற்கு இத்தகைய பிண்ணாக்கின் நஞ்சே காரணமாயிற்று.

வாத்து, தான் நோயுறாமலே வெள்ளைக் கழிச்சல் நோயைப் பரப்பக்கூடும். ஆதலின் கோழிக் குஞ்சுகளுக்கு ஏழாம் நாளில் கால்நடை மருந்தகத்தில் கண்ணில் விடும் தடுப்பு மருந்தைத் தவறாது போடுவிக்க வேண்டும். காட்டுப்பாக்கத்திலுள்ள கால்நடைப் பல்கலைக்கழக நிலையத்தில் கோழி வளர்ப்பைப் பற்றிய ஆலோசனை பெறலாம்.

தொழிற்சாலைகள் பெருகிக் கழனி சுருங்கிய இவ்வட்டாரத்தில், ஒரு கூடையும் ஒரு கோழியும் கொண்டு வீட்டுப் பெண்மக்கள் நடத்தக்கூடிய தொழில் இது. கிராம உத்தியோகஸ்தர்கள் இந்நாட்கணக்கைத் தங்கள் கிராமத்தாருக்கு எடுத்துரைப்பார்களாயின், பொரிக்கவேண்டிய முட்டைகள் சில்லிட்டு வீணாகாமல் காக்கலாம்.