நுண்துளைச் சிலிக்கன்



கோடைக் காலத்தில் மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பதன் காரணத்தை நீங்கள் கீழ் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். சுட்ட மண்ணில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் நிறைந்துள்ளன. அவற்றின் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் கவர்ந்து செல்கிறது. ஒழுகும் பானை என்று எண்ணி அத்துளைகளை அடைத்துவிட்டால் தண்ணீர் குளிராது. குறைபோலத் தோன்றுவதே அங்குப் பயனாகிறது.

நான் இன்று கூற வந்ததும் துளைகளின் கதையே. ஆனால் இத்துளைகள் மண்ணில் உள்ளவை அல்ல. சிலிக்கன் என்னும் தனிமத்தில் உண்டாக்கப்படுபவை. அமெரிக்க இரசாயன அறிஞர் மைக்கேல் செயிலர் என்பவர், 1990-ஆம் ஆண்டு முதல் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் இவற்றை ஆராய்ந்து வந்துள்ளார். அவர் 1988-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர்.

முதலில் உயிரியல் உணர்கருவி என்பது யாது என்று காண்போம். ஒரு துளி இரத்தத்தில் எத்தனையோ வகைப் பொருள்கள் கலந்துள்ளன. அவற்றுள் நாம் தேடும் ஒன்றை மட்டும் இனங்கண்டு பற்றிக்கொள்வது கருவியின் முதல் வேலை. பற்றியதை நமக்கு அறிவிப்பது இரண்டாம் வேலை. பூட்டுக்கு ஏற்ற சாவிபோல, குறிப்பிட்ட பொருளோடு மட்டும் பொருந்தும் புரதங்களை இயற்கையே படைத்திருப்பதால் முதல் வேலைக்கு வழி உண்டு. இரண்டாவதே கடினம். ஒரு புரத மூலக்கூறு வந்து ஒட்டிக்கொண்டதை எவ்வாறு அறிவது? ஒட்டும் இடம் பெரிதாக இருந்தால் ஒட்டும் மூலக்கூறுகளும் பெருகும், அறிவிப்பும் வலுப்பெறும். இங்கேதான் துளைகள் உதவிக்கு வருகின்றன. நுண்துளைச் சிலிக்கன் ஒரு கிராமில் உள்ள துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால் சில நூறு சதுர மீட்டர் ஆகும். ஒரு டென்னிஸ் ஆடுகளத்தின் பரப்பே 260 சதுர மீட்டர் அளவுதான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இப்பொருள் யாரும் தேடிக் கண்டதன்று. 1956-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் ஆர்தர் ஊலிர், இங்கெபோர்க் ஊலிர் என்னும் இருவர் சிலிக்கனை ஹைட்ரோபுளூரிக் அமிலத்தில் வைத்து மின்னோட்டம் செலுத்தி, அதனைச் செதுக்கி மெருகேற்ற முயன்றனர். மெருகு வரவேண்டிய இடத்தில் சில வேளைகளில் கறைபோன்ற படலமே வந்தது. அப்படலம் துளைமயமானது என்பது பின்னரே தெளிவாயிற்று. நெடுங்காலம் அதனைப் பெரிதாகக் கருதினோர் சிலரே. 1990-இல் இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரிலிருந்த ஆராய்ச்சி நிலையத்தில் லீ கான்ஹம் என்பார், தக்கவாறு துளையிட்ட சிலிக்கன் மீது ஒளியைப் பாய்ச்சினால் அது செந்நிறமாக ஒளிர்வதைக் கண்டு வெளியிட்டார். சாதாரணச் சிலிக்கனோ ஒளி உமிழ்வதில் மிகவும் பின்தங்கியது. ஆதலின் உலகெங்கும் அறிஞர்களின் கவனம் இதன்பால் திரும்பிற்று.

விளக்குகளும் கணிப்பொறி உறுப்புகளும் செய்ய விரும்பியவர்களுக்கு இவ்வொளியில் ஒரு தொல்லை இருந்தது. சுற்றுப்புறத்தில் உள்ள பொருள்கள் பட்டால் அது மங்கிவிடும். விளக்குச் செய்வோனுக்கு இது பெருங்குறை. செயிலரோ இரசாயன அறிஞரல்லவா? ஆவி பட்டு ஒளி மங்குகிறது என்றால், ஆவி வந்திருப்பதை ஒளி அறிவிக்கிறது என்பதே பொருள் என்று அவர் கொண்டார். சில கரைப்பான்கள் பட்டால் ஒளி மங்குவதையும், அவை நீங்கினால் மீண்டும் எழுவதையும் அவரும் அவருடைய மாணவரும் 1992-இல் வெளியிட்டனர்.

அடுத்து அவர் ஒளிர்வை விட்டு நிறத்தைக் கையாண்டார். மழை நாளில் தார்ச் சாலையில் சிந்திய எண்ணெய் வானவில் நிறம் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மெல்லிய படலத்தின் மேற்பரப்பிலிருந்து மீளும் ஒளியும், அடிப்பரப்பிலிருந்து மீளும் ஒளியும் ஒன்றோடொன்று கலப்பதால் தோன்றும் நிறம் அது. துளைச் சிலிக்கன் படலமும் அவ்வாறே நிறம் காட்டும். துளைகளில் உள்ள நீரை விலக்கிக்கொண்டு புரதம் போன்ற ஒரு பொருள் குடியேறினால் ஒளி செல்லும் வேகம் மாறும். வேகம் மாறினால் நிறம் சிறிது சிவப்பை நோக்கி நகரும். அந்நகர்வை ஒளிமானியால் அளந்துவிடலாம். மின்னோட்டத்தைக் கூட்டினால் துளை அகலும். நேரத்தைக் கூட்டினால் ஆழும். ஆதலின் வேண்டிய அளவில் துளைகளை அமைக்கலாம். ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்து ரேசா காதிரியோடு சேர்ந்து செயிலர் குழுவினர் 1997-இல் இத்தகைய உயிரியல் உணர்கருவியைச் செய்து காட்டினர்.

ஆனால் இங்கும் ஓர் இடர் காத்திருந்தது. நீரில் கிடக்கும் துளைச் சிலிக்கன் மெல்ல ஆக்சிஜனோடு கூடிக் கரையத் தொடங்கும். சுவர் கரைந்தாலும் நிறம் நகரும். அங்ஙனமாயின், நிறம் நகர்ந்தது தேடிய பொருள் வந்ததாலா, சுவர் தேய்ந்ததாலா? இதனைப் பிரித்தறிய இயலாத கருவி பொய்ச்சாட்சி கூறும் கருவியேயாகும். நோயில்லாதவனுக்கு நோய் உண்டென்றோ, நோயாளிக்கு நோய் இல்லையென்றோ அது கூறிவிட்டால் விளைவு என்னாகும்? ஆகையால் படலத்தைப் பயன்படுத்துமுன்னரே ஓசோன் வாயுவாலோ உயர் வெப்பத்தாலோ ஆக்சைடுப் போர்வை போர்த்தி, அதன் இயல்பான மாற்றத்தைக் கட்டுப்படுத்தினர். 1999-இல் வெளிவந்த அவர்களது ஆய்வில் எதிர்ப்புரதம் ஒட்டுவதையும், கழுவினால் அது விலகிப் படலம் பழைய நிலைக்கு மீளுவதையும் காட்டினர். வந்தது, போயிற்று, மீண்டும் வந்தது என்று காட்டுவதே நம்பத்தக்க சான்று.

ஒருநாள் அவ்வாய்வுக் கூடத்தில் ஜேமி லிங்க் என்னும் ஆராய்ச்சி மாணவி கையாண்ட சிலிக்கன் சில்லு தற்செயலாக நொறுங்கிவிட்டது. பலர் கூட்டித் தள்ளியிருப்பார்கள். அவரோ நுணுகி நோக்கி, துகள்களும் முழுச் சில்லைப் போலவே உணர்ந்து நிறம் காட்டுவதைக் கண்டார். அறிவார்ந்த தூசி என்று இத்துகள்களுக்குப் பெயர் ஏற்பட்டது. துகளின் ஒரு முகத்தைப் பச்சையாகவும் நீரை வெறுப்பதாகவும், மறு முகத்தைச் சிவப்பாகவும் நீரை விரும்புவதாகவும் அமைத்தனர். நீரில் ஒரு துளி எண்ணெய்த் தன்மையுள்ள நீர்மம் இருந்தால், துகள்கள் அதனைத் தாமே தேடிச் சூழ்ந்து, பச்சை முகத்தை உட்புறமும் சிவப்பு முகத்தை வெளிப்புறமும் காட்டி நிற்கும். 2003-இல் இது வெளியாயிற்று. அவ்வாண்டே அமெரிக்கக் கல்லூரி மாணவர்க்கான கண்டுபிடிப்புப் போட்டியில் அம்மாணவி தலைப்பரிசும் பெற்றார்.

இனி, கரைந்துபோதல் என்ற பழைய குறைக்கு மீண்டும் வருவோம். துளைச் சிலிக்கன் உடல் நீர்மங்களை ஒத்த கரைசலில் மெல்லக் கரைவதைக் கான்ஹம் 1995-இல் காட்டியிருந்தார். கரைந்தால் அது சிலிசிக் அமிலமாகிறது. இவ்வமிலம் நம் உடலில் இயற்கையாகவே சிறு அளவில் உள்ளது. சிறுநீரகம் அதனை வெளியேற்றிவிடும். உடலுக்குள் செலுத்தும் நுண்துகள்களில் பல வெளியேற வழியின்றித் தங்கிவிடுவதே மருத்துவர்களின் கவலை. கரையும் துகளாயின் அக்கவலை குறையுமன்றோ? சங்கீதா பாட்டியா, எர்க்கி ரூஸ்லாத்தி ஆகியோருடன் சேர்ந்து செயிலர் குழுவினர் 2009-இல் சுண்டெலிகளில் இதனைச் சோதித்தனர். டாக்சோரூபிசின் என்னும் புற்றுநோய் மருந்தை ஏற்கவல்லனவாகவும், உடலுக்குள் இருக்கும் இடத்தை ஒளிர்ந்து காட்டுவனவாகவும் அத்துகள்கள் அமைந்தன. பின்னர், ஏறத்தாழ நான்கு வாரங்களில் அவை உடலை விட்டு நீங்கிவிட்டன. உணர்கருவியைப் பொய்சொல்ல வைத்த அதே கரைதல், மருந்து சுமக்கும் துகளுக்குப் பாதுகாப்பாயிற்று.

மாணவர்களே, இவ்வரலாற்றைக் கேட்டு, தவறெல்லாம் தாமே நன்மையாகும் என்று எண்ணிவிட வேண்டா. மெருகுக்குப் பதிலாகக் கறை, மங்கும் ஒளி, கரையும் சுவர், நொறுங்கிய சில்லு ஆகிய ஒவ்வொன்றும் ஏன் நேர்ந்தது என்று ஆராய்ந்த பிறகே பயனாயிற்று. கரைதலின் காரணத்தை அறிந்திராவிடில், அதனை ஓரிடத்தில் தடுக்கவும் மற்றோரிடத்தில் வரவேற்கவும் இயன்றிராது. பள்ளி ஆய்வுக் கூடத்தில் எதிர்பார்த்த நிறம் வாராதபோது, சோதனைக் குழாயை விரைந்து கழுவிவிட்டு, அடுத்திருப்பவரின் ஏட்டைப் பார்த்து விடை எழுதும் மாணவர் பலரை நான் என் ஆசிரியப் பணிக்காலத்தில் கண்டதுண்டு. அவ்வாறு செய்யாதீர்கள். வந்த நிறத்தை வந்தபடியே எழுதுங்கள். அதற்கு அருகில் ஏன் என்ற கேள்வியையும் எழுதுங்கள். ஆசிரியரிடம் கேளுங்கள், மறுமுறையும் செய்து பாருங்கள். ஆய்வு என்பது அந்த ஏட்டிலிருந்துதான் தொடங்குகிறது.