பழைய கணக்கு - 11: பல்லவன் கோயிலில் ஒரு கன்னடத் தூண்

2024 பிப்ரவரியில் அமெரிக்கர் டக்கர் கார்ல்சன் மாஸ்கோவுக்குப் போய் ரஷ்ய அதிபர் புதினிடம் எடுத்த பேட்டியோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். உக்ரைன் மீது ஏன் படையெடுத்தீர்கள் என்பதுதான் கேள்வி. புதின் 862-ஆம் ஆண்டிலிருந்து ஆரம்பித்தார். ஒரு நிமிடம் போதும் என்று கேட்டு வாங்கியது அரைமணி நேரம் ஓடியது. உலகம் சிரித்தது. காஞ்சிபுரத்துக்காரனுக்கு அவ்வளவு சுலபமாகச் சிரிப்பு வராது.

பிள்ளையார்பாளையத் தெருக்களில் காலையில் நடந்தால், பாவு நீட்டியிருக்கும் இடத்தில் ஒதுங்கித்தான் போக வேண்டும். அப்படியே மேற்கே போனால் ஊர் அடங்கும் இடத்தில் கைலாசநாதர் கோயில். ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் 700-ஐ ஒட்டிக் கட்டியது. வருகிறவர்கள் சிங்கத் தூண்களோடு படம் எடுத்துக்கொள்வார்கள். கருவறையைச் சுற்றியுள்ள குறுகிய பாதையில் தவழ்ந்து வெளியே வந்து மூச்சு வாங்குவார்கள். முன்மண்டபத்தில் ஒரு தூணின் பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. அங்கே பழைய எழுத்தில், கன்னடத்தில், ஒரு கல்வெட்டு இருக்கிறது. பல்லவன் கோயிலுக்குள் சாளுக்கியனின் கையெழுத்து!

சண்டை எங்கே தொடங்கியது என்பது யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. இரண்டாம் புலிகேசியின் அவைப்புலவன் ரவிகீர்த்தி 634-ஐ ஒட்டி ஐஹொளெயில் எழுதிய கல்வெட்டின்படி, சாளுக்கியப் படை கிளப்பிய புழுதியில் ஒளி மங்கிய பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். நம் பக்கத்துக் காசாக்குடிச் செப்பேட்டில் மகேந்திரவர்மன் புள்ளலூரில் முக்கியமான பகைவர்களை அழித்தவன். எந்தப் பகைவர்கள் என்று பெயர் கிடையாது. ஒரே போர்தான் என்பது பலர் கருத்து. (அதே புள்ளலூரில்தான் 1780-இல் ஹைதரும் திப்புவும் பெய்லியின் ஆங்கிலப் படையை முறியடித்தார்கள். அந்த ஊர் மண்ணுக்கு என்ன ராசியோ.)

பிறகு மகேந்திரவர்மனின் மகன் மாமல்லன். மணிமங்கலத்தில் புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகையே ஏடாக வைத்து ‘விஜய’ என்று எழுதினானாம். காஞ்சிக்குப் பக்கத்துக் கூரம் கிராமத்தில் கிடைத்த செப்பேடு அப்படித்தான் வருணிக்கிறது. 642-இல் சாளுக்கியத் தலைநகர் வாதாபி விழுந்தது. ‘வாதாபி கொண்ட’ என்ற பட்டத்தோடு, அந்த ஊர்ப் பாறையிலேயே தன் கல்வெட்டையும் வெட்டிவிட்டு வந்தான். தமிழ் வீடுகளில் கதை இங்கே முடிந்துவிடும். கல்கி ‘சிவகாமியின் சபத’த்தை இங்கே கொண்டுவந்து நிறுத்தினார். புலிகேசி என்ற பெயரை 2006-இல் வடிவேலுவிடம் கொடுத்துவிட்டோம்.

வாதாபியில் கதை முடியவில்லை. சுமார் நூறு ஆண்டு கழித்து, புலிகேசிக்கு எள்ளுப்பேரன் முறையான இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சி மீது படையெடுத்தான். அந்தப் போரைச் சொல்லும் வக்கலேரிச் செப்பேட்டில் பல்லவனுக்குக் கொடுத்திருக்கும் அடைமொழி ‘பிரகிருத்யமித்ர’: இயற்கையிலேயே பகைவன். தன் குலத்து முன்னோரின் ஒளியை மங்கவைத்தவன் என்றும் குற்றச்சாட்டு உண்டு. என்றோ தோற்ற முன்னோருக்காக இன்று கோபம். மாஸ்கோவிலிருந்து வரும் பேச்சுகளில் எனக்குக் கேட்பது இந்தக் குரல்தான். 1812-இல் நெப்போலியன் வந்தான், 1941-இல் ஹிட்லர் வந்தான், 1991-இல் நாடே உடைந்தது, 1999-லும் 2004-லும் நேட்டோ கிழக்கே நகர்ந்தது என்று எல்லாவற்றையும் ஒரே சரமாகக் கோத்துவிட்டால், மேற்கு நாடுகளுக்கும் அதே அடைமொழிதான் மிஞ்சும்.

அந்தக் காயங்கள் பொய்யில்லை. இரண்டாம் உலகப் போரில் சோவியத் நாடு சுமார் 2 கோடியே 70 லட்சம் பேரை இழந்தது. ஆனால் விக்கிரமாதித்தன் வந்தபோது காஞ்சியில் இருந்தது யார்? மாமல்லனின் நேர்வாரிசே இல்லை. இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்த பிறகு, கிளைவழியிலிருந்து பன்னிரண்டு வயதில் கொண்டுவந்து முடிசூட்டப்பட்ட இரண்டாம் நந்திவர்மன். வாதாபியை எரித்தவர்கள் செத்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. கடன்காரன் வீட்டைக் காலிசெய்து போனபின் குடிவந்தவனிடம் வசூலிக்கிற மாதிரி. நெப்போலியனுக்கும் ஹிட்லருக்குமான கணக்கு 2022-இல் மரியுபோலில் வசூலானதும் இப்படித்தான். ஹிட்லரிடம் அடிபட்ட மண்ணில் உக்ரைனும் உண்டு என்பது அந்தக் கணக்கில் வரவே வராது.

அண்டை நாடுகளிடமும் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. எஸ்தோனியாவின் தாலின் நகர நடுவே சோவியத் வீரனின் வெண்கலச் சிலை ஒன்று நின்றது. ரஷ்யர்களுக்கு அது நாஜிகளை வென்றவன். எஸ்தோனியர் பலருக்கு 1940-இல் நாட்டைப் பிடித்தவன். 2007 ஏப்ரலில் அரசு அதைப் பெயர்த்து ராணுவக் கல்லறைக்கு மாற்றியது. இரண்டு இரவு கலவரம், ஓர் உயிர் போனது, அதையடுத்து நாட்டின் இணையதளங்கள் மீது தொடர் தாக்குதல். நேட்டோவில் சேர்ந்ததை அவர்கள் பாதுகாப்பு என்கிறார்கள். மாஸ்கோ அதையே அவமானம் என்கிறது. ஐஹொளெயும் காசாக்குடியும் மாதிரி.

கொடுக்கல் வாங்கல் இருந்தால் சண்டை வராது என்று ஜெர்மனி நம்பியது. ரஷ்ய எரிவாயுவுக்குக் கடலடியில் குழாயே போட்டது. எங்கள் தறிகளில் ஓடும் பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. காவிரிக்காகப் பஸ்கள் எரிந்த நாட்களிலும் நூல் வாங்குவதை யாரும் விட்டுவிடவில்லை. அதைப் பார்த்து நானும் அந்த நம்பிக்கையை ஓரளவு வைத்திருந்தேன். 2022-க்குப் பிறகு அதைச் சத்தமாகச் சொல்வதில்லை.

தூணுக்கு வருகிறேன். காஞ்சியை வென்ற விக்கிரமாதித்தன், ராஜசிம்மேச்சுரம் என்ற இந்தக் கைலாசநாதர் கோயிலின் செல்வத்தை எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்தான் என்கிறது அந்தக் கல்வெட்டு. நகரை அழிக்கவில்லை, ஏழைகளுக்குத் தானம் கொடுத்தான் என்று வக்கலேரிச் செப்பேடு சேர்த்துக்கொள்கிறது. ஜெயித்தவன் தன்னைப் பற்றி எழுதியது, கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். ஆனாலும் இந்த ஊரின் கட்டடக்கலையில் அவன் வீட்டார் மயங்கியது உண்மை. அவன் அரசி லோகமகாதேவி பட்டதகல்லில் எடுப்பித்த விருபாட்சர் கோயிலைப் பார்த்தால் நம் கைலாசநாதர் ஜாடை தெரியும். அதையும் காஞ்சியை மூன்று முறை வென்றவனின் அரசி என்ற பட்டத்தோடுதான் பதிந்துவைத்தாள்.

நந்திவர்மன் காஞ்சிக்குத் திரும்பினான், பல்லாண்டு ஆண்டான். வைகுண்டப் பெருமாள் கோயிலைக் கட்டி, திருச்சுற்றுச் சுவரில் பல்லவர் வரலாற்றைச் சிற்பமாக வைத்தான். அது திருமால், பிரமன் என்று தொடங்கி, வரிசையாக இறங்கி, ஒரு பையனுக்கு முடிசூட்டுவதில் வந்து சேர்கிறது. உரிமையில் சந்தேகம் உள்ளவன்தான் அவ்வளவு தொலைவிலிருந்து ஆரம்பிப்பான் போலிருக்கிறது; 862 எனக்கு உறுத்தியதும் அதனால்தான்.

அதே நந்திவர்மன் கைலாசநாதர் கோயில் தூணைத் தொடவில்லை. உளி வைத்தால் ஒரு பகல் வேலை. அவனுக்குப் பின் வந்த சோழர்களும் தொடவில்லை. போன வாரம் போய்ப் பார்த்தேன். தூணில் முதுகைச் சாய்த்து ஓர் அம்மா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் எழுந்து போகும்வரை காத்திருந்துதான் படம் எடுத்தேன்.

(தொடரும்)