மால் நிறுவனங்களின் பலத்தைக் கடன் கெடுவில் பாருங்கள்

2009 ஏப்ரல் 16 அன்று ஜெனரல் குரோத் பிராப்பர்ட்டீஸ் என்ற அமெரிக்க நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நியூயார்க் நீதிமன்றத்தில் மனு கொடுத்தது. 200க்கும் மேற்பட்ட மால்களைக் கையில் வைத்திருந்த நிறுவனம் அது. சிகாகோவின் வாட்டர் டவர் பிளேஸ், ஹொனலுலுவின் அலா மோவானா போன்ற புகழ்பெற்ற வளாகங்கள் அதனுடையவை. அமெரிக்க ரியல் எஸ்டேட் துறை அதுவரை கண்டிராத பெரிய திவால் அது. மனுவில் காட்டப்பட்ட கடன் சுமார் 2,700 கோடி டாலர்; சொத்தோ சுமார் 2,950 கோடி டாலர். கடனைவிடச் சொத்து அதிகம். கடைகளில் பெரும்பாலானவை வாடகைக்குப் போயிருந்தன, வாடகையும் வந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட நிறுவனம் ஏன் விழுந்தது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், மால் நிறுவனங்களின் நிதி அறிக்கையில் எந்த வரியை முதலில் படிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

நிகர லாபம் சொல்லாத செய்தி

வழக்கமாக நாம் முதலில் தேடுவது நிகர லாபத்தை. மால் நிறுவனத்தைப் பொறுத்தவரை அந்த எண் அரைகுறையான செய்தியையே சொல்லும். வாடகை வருமானத்திலிருந்து பராமரிப்பு, சொத்து வரி, வட்டி ஆகியவற்றைக் கழித்த பிறகு, கட்டடத்தின் தேய்மானம் என்று ஒரு பெரிய தொகையையும் கணக்கர்கள் கழிக்கிறார்கள். அந்த ஆண்டில் இந்தத் தொகை யார் கைக்கும் போவதில்லை. ஏட்டில் மட்டுமே செலவாகிறது. நல்ல இடத்தில் இருக்கும் மாலின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு கூடவும் செய்யலாம். ஆகவே இத்துறையில் தேய்மானத்தைத் திரும்பக் கூட்டி, சொத்து விற்பனையில் வந்த லாப நட்டத்தை நீக்கி, எஃப்எஃப்ஓ என்ற தனி அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். அன்றாடத் தொழிலிலிருந்து ஏறக்குறைய எவ்வளவு பணம் வந்தது என்பதை அது காட்டும். அமெரிக்காவின் மிகப் பெரிய மால் நிறுவனமான சைமன் பிராப்பர்ட்டி குரூப்பின் கணக்கில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பார்க்கலாம். 2019இல் அதன் நிகர லாபம் பங்கு ஒன்றுக்கு 6.81 டாலர், கொரோனாவால் மால்கள் வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்த 2020இல் 3.59 டாலர். ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. அதே காலத்தில் எஃப்எஃப்ஓ 12.04 டாலரிலிருந்து 9.11 டாலருக்கு, அதாவது கால் பங்கு அளவுக்கே, குறைந்தது. நிகர லாபத்தை மட்டும் பார்த்தவர்கள் நிறுவனம் நொடிக்கப்போகிறது என்று பயந்திருக்கலாம். பணவரவைப் பார்த்தவர்களுக்கு, அடி பலமானது, ஆனாலும் தாங்கக்கூடியது என்று தெரிந்திருக்கும்.

கையிருப்பு சேராத தொழில்

இந்த அளவுகோலும் முழு உண்மையைச் சொல்லாது. அதற்கான காரணம் சட்டத்தில் இருக்கிறது. இவ்வகை நிறுவனங்களில் பெரும்பாலானவை ‘ரீட்’ எனப்படும் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளைகள். சாதாரண மக்களும் பெரிய கட்டடங்களின் வருமானத்தில் பங்கு பெற வேண்டும் என்பதற்காக 1960இல் அமெரிக்கா இந்த ஏற்பாட்டைச் சட்டமாக்கியது. இன்றைய விதிப்படி வரிக்குரிய வருமானத்தில் 90 விழுக்காட்டையாவது பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தர வேண்டும். அப்படித் தரும் தொகைக்கு நிறுவன வரி கிடையாது. முதலீட்டாளருக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் வருமானத்தின் பெரும்பகுதி வெளியே போய்விடுவதால், கடனின் அசலை அடைக்கும் அளவுக்குப் பணம் உள்ளே சேர்வதில்லை. அதனால் பழைய கடனுக்குக் கெடு வரும்போது, புதிய கடன் வாங்கித்தான் அதைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. வாடகை வட்டியைக் கட்டும். அசலைக் கட்டுவது அடுத்த கடன்காரர். இந்தத் தொழிலின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

ஜெனரல் குரோத் இந்த இடத்தில்தான் இடறியது. 2004இல் ரௌஸ் என்ற போட்டி நிறுவனத்தை, அதன் கடன்களையும் ஏற்றுக்கொண்டு, 1,200 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. அதற்காக வாங்கிய கடன்களில் பல, சில ஆண்டுகளிலேயே மொத்தமாகத் திருப்ப வேண்டியவை. கட்டடக் கடன்களைத் தொகுத்துப் பத்திரங்களாக விற்கும் சந்தை அப்போது அமோகமாக நடந்தது. கெடு வந்தால் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் நம்பியது. 2008இல் அந்தச் சந்தை அடியோடு முடங்கியது. வாடகை தவறாமல் வரும் வீட்டை வைத்திருப்பவரிடம், வங்கி திடீரென்று அசல் முழுவதையும் இந்த மாதமே கட்டு என்றால் என்ன ஆகுமோ, அதுவே நடந்தது. 2007இல் 60 டாலருக்கு மேல் விலைபோன பங்கு, 2008 நவம்பரில் ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது. அதன் பிறகு நடந்ததே இந்த வாதத்துக்கு வலுவான சான்று. நீதிமன்றப் பாதுகாப்பில் கடன் கெடுக்கள் நீட்டிக்கப்பட்டன. புரூக்ஃபீல்டு உள்ளிட்ட முதலீட்டாளர்கள் பணம் போட்டார்கள். 2010 நவம்பரில் நிறுவனம் திவாலிலிருந்து மீண்டது. திவாலில் வழக்கமாக எல்லாவற்றையும் இழக்கும் பங்குதாரர்களுக்கும் மதிப்பு மிஞ்சியது. மால்கள் அதே மால்கள்தான், மாறியது கெடு.

எதிர்வாதங்கள்

2008 நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் நெருக்கடி, அதை வைத்து விதி வகுக்கலாமா என்று கேட்கலாம். அதே நெருக்கடியைச் சைமனும் சந்தித்தது. ஆனால் 2009 மார்ச் மாதத்திலேயே புதிய பங்குகளையும் கடன் பத்திரங்களையும் விற்றுப் பணம் திரட்டியது. பங்காதாயத்தின் பெரும்பகுதியைப் பங்குகளாகவே கொடுத்து ரொக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டது. சந்தை இரண்டு நிறுவனங்களுக்கும் ஒன்றுதான். கடன் அமைப்பு வேறு. 2024 இறுதியில் சைமனின் கடன் சுமார் 2,400 கோடி டாலர். ஜெனரல் குரோத்தை வீழ்த்திய தொகைக்கு இது மிகத் தொலைவில் இல்லை. ஆயினும் ரொக்கமும், வங்கிகள் முன்கூட்டியே உறுதி செய்த கடன் வரம்பும் சேர்ந்து சுமார் 1,000 கோடி டாலர் அதன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கெடு வரும் நாளில் சந்தை மூடிக் கிடந்தாலும் சமாளிக்க இது இடம் தரும்.

இணைய வணிகம் மால்களைத் தின்றுவிட்டது, இதில் கடன் கெடுவைப் பேசி என்ன பயன் என்பது அடுத்த வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது. சிபிஎல், பென்சில்வேனியா ரீட் என்ற இரு மால் நிறுவனங்கள் 2020 நவம்பர் 1 அன்று, ஒரே நாளில், திவால் மனு கொடுத்தன. சைமன் தன் நலிந்த வளாகங்கள் பலவற்றை 2014இல் வாஷிங்டன் பிரைம் என்று தனியே பிரித்துவிட்டது. அந்த நிறுவனம் 2021 ஜூனில் திவாலுக்குப் போனது. மறுபுறம், 2024 இறுதியில் சைமனின் அமெரிக்க மால்களிலும் அவுட்லெட் வளாகங்களிலும் 96.5 விழுக்காடு இடம் வாடகைக்குப் போயிருந்தது. ஆக, வாங்குவோர் கூட்டம் நல்ல வளாகங்களில் சேர்ந்து, மற்றவற்றை விட்டு விலகியிருக்கிறது. வளாகத்தின் தரத்தைப் பார்க்காமல் கெடுவை மட்டும் பார்ப்பது தவறு என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் தரம் குறையும் வளாகத்துக்குத்தான் புதிய கடன் முதலில் மறுக்கப்படுகிறது. வாடிக்கையாளர் விலகுவது மெல்ல அரிக்கும் நோய். அது உயிரை வாங்குவது பெரும்பாலும் கெடு நாளில்.

எஃப்எஃப்ஓ நிறுவனங்கள் தங்களுக்குச் சாதகமாக வகுத்துக்கொண்ட கணக்கு என்பது மூன்றாவது வாதம். மின்தூக்கியும் கூரையும் உண்மையிலேயே தேய்கின்றன. காலியான பெரிய கடையைப் பிரித்து அமைக்கப் பணம் வேண்டும். இந்தக் குறை சரியானது. இத்தகைய செலவுகளையும் கழித்துப் பார்ப்பதே நேர்மையான கணக்கு. இந்தக் குறை நிகர லாபத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. பணவரவை இன்னும் கண்டிப்பாக அளக்கச் சொல்கிறது.

நமக்கு ஏன் இது முக்கியம்?

இந்தியாவின் முதல் சில்லறை வணிக ரீட்டான நெக்ஸஸ் செலக்ட் டிரஸ்ட் 2023 மே மாதம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. சென்னை வடபழனியின் விஜயா மாலும் அதன் சொத்துகளில் ஒன்று. சந்தையில் ஒரே ஒரு யூனிட்டைக்கூட வாங்கலாம் என்பதால் மாதச் சம்பளக்காரர்களின் சேமிப்பும் இனி மால்களுக்குள் போகும். இங்கும் பகிர்ந்தளிக்கத்தக்க பணவரவில் 90 விழுக்காட்டைக் கொடுத்துவிட வேண்டும். ரீட் வாங்கும் கடன், சொத்து மதிப்பில் 49 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று செபி வரம்பு விதித்திருக்கிறது. கடனும் சொத்தும் ஏறக்குறையச் சமமாக நின்ற ஜெனரல் குரோத்தின் நிலைக்கு இங்குள்ள ரீட்கள் எளிதில் போய்விடாதபடி தடுக்கும் நல்ல வேலி இது. ஆனால் அது கட்டுப்படுத்துவது கடனின் அளவை. எந்த ஆண்டில் எவ்வளவு கடன் கெடுவுக்கு வருகிறது என்பதை அல்ல. அதை முதலீட்டாளர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைகளில் எத்தனை விழுக்காடு நிரம்பியிருக்கிறது, பழுதுச் செலவு போகப் பணவரவு எவ்வளவு, அடுத்த 3 ஆண்டுகளில் திருப்ப வேண்டிய கடன் எவ்வளவு, அதற்குக் கையில் என்ன இருக்கிறது என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை பெற்ற பிறகே, அறிவிக்கப்படும் லாபத்தையும் பங்காதாயத்தையும் நம்ப வேண்டும். உழைத்துச் சேர்த்த பணத்தைப் போடுபவருக்கு இந்தக் கேள்விகளைக் கேட்கும் உரிமை இருக்கிறது. நிறுவனங்கள் இவற்றுக்குத் தங்கள் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே பதில் சொல்ல வேண்டும்.