அன்று சிவப்பு விளக்கு! இன்று சொகுசு ஹோட்டல்!
கியோங் சைக் ரோட்டில் சுவருக்குக் காவல் உண்டு, குடியிருந்தவருக்கு?

சிங்கப்பூர் சைனாடவுன் ஓரத்தில் வளைந்து போகும் ஒரு சின்னத் தெரு, கியோங் சைக் ரோடு.

ஒரு காலத்தில் இந்தப் பெயரை நாலு பேர் நடுவில் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள். காரணம் ஊருக்கே தெரியும். 1960-களிலிருந்தே இது பேர் போன சிவப்பு விளக்குப் பகுதி. விளக்குப் போட்ட எண் பலகைதான் அடையாளம். போலீசும் கண்டும் காணாமல் விட்டு வைத்திருந்த தெரு!

இன்றைக்கு அதே தெருவில் ஒரு ராத்திரி தங்க நூற்றுக்கணக்கில் வெள்ளி கொடுத்து, முன்கூட்டியே ரூம் பிடித்துக்கொண்டு விமானத்தில் வருகிறார்கள். 2017-ல் 'லோன்லி பிளானட்' என்ற உலகப் பயண நிறுவனம் ஆசியாவில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் போட்டது. அதில் கியோங் சைக் ரோட்டுக்கு நான்காம் இடம்!

இந்த மாற்றம் எப்படி வந்தது? யார் வந்தார்கள்? யார் போனார்கள்?

பிள்ளையார்தான் முந்தி!

தெருவுக்குப் பெயர் வைத்தது 1926-ல். மலாக்காவில் பிறந்த டான் கியோங் சைக் என்ற சீன வணிகரின் பெயர் அது. ஆனால், அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே நம்ம பிள்ளையார் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். லயன் சித்தி விநாயகர் கோயிலைக் கட்டிய ஆண்டு 1925.

அது என்ன 'லயன்'? சிங்கம் இல்லை! பக்கத்தில் ஊட்ரம் பகுதியில் இந்தியச் சிப்பாய்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்குச் 'சிப்பாய் லைன்' என்று பெயர். அந்த 'லைன்'தான் நம்மவர் வாயில் 'லயன்' ஆகிவிட்டது.

தெருவின் இரண்டு பக்கமும் கடைவீடுகள். கீழே கடை, மேலே குடியிருப்பு. மாடியைப் பலகைத் தடுப்பு வைத்துக் கூறு கூறாகப் பிரித்து வாடகைக்கு விடுவார்கள். ஒரு தடுப்புக்குள் ஒரு குடும்பமே இருக்கும். பீப்பா வாத்தியம் வாசித்துப் பாடும் பெண்களும் இந்த வீடுகளில் இருந்தார்கள். பிற்பாடு வந்தவைதான் அந்த எண் பலகை வீடுகள்.

1939 வாடகை!

இந்த ஏழை ஜனங்கள் நகரத்தின் நடுமத்தியில், அத்தனை வருஷம் எப்படித் தாக்குப் பிடித்தார்கள்?

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்! யுத்தம் முடிந்து வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடிய 1947-ல் வந்த சட்டம் அது. பழைய கட்டடங்களின் வாடகையை 1939 நிலவரத்தில் நிறுத்திப் பிடித்தது. குடியிருப்பவரை வீட்டுக்காரர் லேசில் காலி செய்ய முடியாது.

வாடகை ஏறவில்லை. அதனால் வீட்டுக்காரரும் ஓட்டை மாற்றவில்லை, சுண்ணாம்பு அடிக்கவில்லை. கட்டடம் பாழாச்சு, குடியிருந்தவர் தப்பித்தார்.

1989-ல் அரசாங்கம் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் வட்டாரங்களைப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தது. பழைய கடைவீடுகளை இனி இடிக்கக் கூடாது! வாடகைச் சட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, 2001-ல் அடியோடு எடுத்துவிட்டார்கள்.

இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1989-ல் சுவருக்குப் பாதுகாப்பு வந்தது. 2001-ல் வாடகைதாரருக்கு இருந்த பாதுகாப்பு போனது. சொகுசு ஹோட்டலுக்குக் கதவு திறந்தது அங்கேதான்.

வக்கீல் போட்ட கணக்கு

லோ லிக் பெங் என்பவர் வக்கீல். 1997-ல் ஆசியாவில் பொருளாதாரம் குப்புற விழுந்த பிறகு, கட்டடங்கள் மலிந்து கிடந்த நேரத்தில், இந்தத் தெருவில் அடுத்தடுத்து நின்ற ஐந்து கடைவீடுகள் அவர் கைக்கு வந்தன. வக்கீல் தொழிலை விட்டார். 2003-ல் ஹோட்டல் திறந்தார்.

பெயர் 'ஹோட்டல் 1929'. அந்த வீடுகளைக் கட்டிய ஆண்டையே பெயராக வைத்துவிட்டார். அறைகள் 32. ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. அவர் சேர்த்து வைத்திருந்த பழைய நாற்காலிகளையும் உள்ளே கொண்டுவந்து போட்டார். இதைத்தான் 'பூட்டிக் ஹோட்டல்' என்கிறார்கள். முப்பது மாடி கிடையாது, நீச்சல் குளத்தைச் சுற்றித் தென்னந்தோப்பு கிடையாது. சின்ன இடம், தனி ரசனை, கூடுதல் காசு.

சிவப்பு விளக்குத் தெருவில் ஹோட்டலா, யார் தங்குவார் என்று கேட்கத் தோன்றும். அதே 2003-ல் சார்ஸ் நோய் வேறு ஊரைப் பிடித்து ஆட்டியது. பெரிய பெரிய ஹோட்டல்களே காத்தாடின. ஆனாலும் 1929 பிழைத்துக்கொண்டது!

2006-ல் அவரே பக்கத்துத் தெருவான புக்கிட் பாசோவில் 30 அறைகளுடன் 'நியூ மஜஸ்டிக்' ஹோட்டலைத் திறந்தார். 2011-ல் ஜியாக் சுவான் ரோட்டில் 'எஸ்கினா' உணவகம். 2013-ல் டெக் லிம் ரோட்டில் 'பர்ண்ட் எண்ட்ஸ்' என்ற விறகடுப்பு உணவகம் வந்தது. முக்கோண மூலைக் கட்டடத்தில் 1939-லிருந்து காப்பி ஆற்றிய 'தோங் ஆ' காப்பிக் கடை 2013-ல் எதிர்ச்சாரிக்கு மாறியது. அது இருந்த இடத்தில் 2014-ல் 'பொட்டேட்டோ ஹெட்' என்ற பாரும் உணவகமும். கட்டடத்தின் நெற்றியில் இருந்த பழைய கடைப் பெயர் மட்டும் அப்படியே நின்றது!

55-ம் எண்ணில் 'நவ்மி லியோரா' ஹோட்டல் இருந்தது. 2019-ல் அதே இடத்தில் லோவின் நிறுவனம் 'கீசா ஹவுஸ்' திறந்தது. பத்து கடைவீடுகள், 60 அறைகள்.

கணக்கைப் பாருங்கள். ஐந்து வீட்டில் 32, பத்து வீட்டில் 60. ஆக, வீட்டுக்கு ஆறு அறைதான் தேறுகிறது. பலகைத் தடுப்புக் காலத்தில் ஒரே மாடியில் அதைவிட அதிகம் பேர் அடைந்து கிடந்தார்கள்!

ஆறுக்கு மேல் ஏன் போட முடியாது?

கடைவீடு என்பது முன்பக்கம் குறுகல், உள்ளே போகப் போக நீளம். ரயில் பெட்டி மாதிரி. இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டோடு ஒட்டியது. வெளிச்சம் வருவது முன் ஜன்னல், பின் ஜன்னல், நடுவில் வானம் பார்த்த முற்றம் ஆகிய மூன்று வழியாகத்தான்.

அந்த முற்றத்தை மூடிவிட்டு ரூம் போடலாம் என்றால் நகர மறுசீரமைப்பு ஆணையம் விடாது. முகப்பில் உள்ள பூவேலை, மர ஜன்னல், ஓட்டுக் கூரை, பக்கச் சுவர், மரப்படி எல்லாவற்றுக்கும் விதி உண்டு. இருப்பதைக் கூடுமானவரை அப்படியே வை; கெட்டுப்போனதைப் பழைய மாதிரியே கவனமாகச் செப்பனிடு! இதுதான் ஆணையத்தின் கொள்கை. கீழே ஐந்தடிப் பாதை. 1822-ல் ராபிள்ஸ் துரை ஊரை அளந்து கோடு போட்ட காலத்துச் சமாச்சாரம். மழைக்கும் வெயிலுக்கும் ஜனங்கள் ஒதுங்கி நடக்க விட வேண்டிய பொது வழி அது. ஹோட்டல் வாசல் ஆனாலும் அது பொது வழிதான்.

இத்தனை விதிகளுக்கு நடுவில் லிப்ட், தீயணைப்புப் படிக்கட்டு, அறைக்கு அறை குளியலறை என்று நுழைக்க வேண்டும். செலவு எகிறும். அதைத் தங்க வருகிறவர் தலையில்தான் கட்ட முடியும்.

விதிப் புத்தகத்தில் ஓட்டுக்கு இடம் உண்டு, ஜன்னல் கொக்கிக்கு இடம் உண்டு. கீழே தையல் மெஷின் போட்டிருந்தவர், மளிகை வைத்திருந்தவர் பெயர் மட்டும் எந்தப் பக்கத்திலும் கிடையாது. கட்டடம் கைமாறினால், குத்தகை முடிந்ததும் அவர் கிளம்ப வேண்டியதுதான்.

வெளிநாட்டுப் பணத்துக்கும் இங்கே வழி இருக்கிறது. வெளிநாட்டார் குடியிருப்பு வாங்கினால், 2023 ஏப்ரல் 27 முதல் விலையில் 60 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி கட்ட வேண்டும். முழுக்க வணிகக் கட்டடம் என்று வகைப்பட்ட கடைவீட்டுக்கு அந்த வரியே கிடையாது! நாடு முழுக்கப் பாதுகாக்கப்பட்ட கடைவீடுகள் சுமார் 6,500. புதிதாக ஒன்று கட்ட முடியாது. விலை ஏன் ஏறாது?

பணம் கொட்டினால் எல்லாம் நிலைக்கும் என்றும் இல்லை. அந்த 'நியூ மஜஸ்டிக்' 2017-ல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு அதே கட்டடத்தில், உறுப்பினர்கள் மட்டும் நுழையக்கூடிய கிளப் வந்தது.

நகராமல் நிற்பவர்கள்

புக்கிட் பாசோவில் சீனர் சங்கங்கள் சில இன்னும் இருக்கின்றன. 1895-ல் தொடங்கிய 'ஈ ஹோ ஹீன்' கிளப் 1925-லிருந்து அந்தத் தெருவில்தான். பிள்ளையார் கோயிலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நகரத்தார் நிர்வாகம். மாதா மாதம் வாடகை கேட்டு யாரும் வாசலில் வந்து நிற்கப்போவதில்லை.

தைப்பூசத்துக்கு முதல் நாள் இந்தத் தெரு வேறு தெருவாகிவிடும். டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலிலிருந்து முருகன் வெள்ளி ரதத்தில் கிளம்பி, அண்ணன் பிள்ளையாரைப் பார்க்க இங்கே வருகிறார். பகல் பூராவும் இங்கே இருந்துவிட்டுச் சாயங்காலம் ரதம் திரும்புகிறது. கிடார் சத்தத்துக்குப் பழகிய தெருவில் அன்றைக்கு நாதஸ்வரம்!

மற்ற ராத்திரிகளில் பார்களின் ராஜ்யம். ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். 2015-ல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ராத்திரி 10.30 மணிக்கு மேல் காலை 7 மணி வரை பொது இடத்தில் நின்று குடித்தால் குற்றம். உரிமம் பெற்ற பாருக்குள் உட்கார்ந்து குடிக்கலாம். கிளாசைத் தூக்கிக்கொண்டு வெளியே தெருவுக்கு வந்தால் வம்புதான்.

தெருவைப் பார்க்க நினைப்பவர்கள் ஊட்ரம் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். 2022 நவம்பரில் மேக்ஸ்வெல் நிலையமும் திறந்துவிட்டது. பகலில் போனால் வீட்டு முகப்புகளின் பூவேலையை நிதானமாகப் பார்க்கலாம். காப்பி விலையை முதலில் கேட்டுக்கொண்டு உட்காருங்கள்!