மட்காட் இல்லாத மாரி

யாழ்ப்பாணத்தில் மட்காட் இல்லாத சைக்கிளைக் காண்பது அரிது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், எரிபொருள் இல்லாமல் குடாநாடே சைக்கிளில் ஓடியபோது, மாரிச் சேற்றிலிருந்து பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையைக் காப்பாற்றியது அந்த இரும்புத் தகடுதான்.

லைப்சிக்கில் நிலைமை வேறு. எங்கள் பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் மலைச் சைக்கிள்கள் பெரும்பாலும் மட்காட் இல்லாமலே வருகின்றன. ஜேர்மன் சட்டமும் பிறேக், மணி, விளக்கு, ஒளிதெறிப்பான் ஆகியவற்றையே கேட்கிறது, மட்காட்டைக் கேட்பதில்லை. அதனால் அது தேவையற்ற ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

ஒக்டோபர் பிறந்து, கிளாரா செட்கின் பூங்காவிலும் ஆற்றங்கரைக் காட்டுப் பாதைகளிலும் இலைகள் நனைந்து கிடக்கும்போதுதான் உண்மை தெரியும். பின்சில்லு அள்ளி வீசும் சேறு முதுகில் கோடு போடும். அது கண்ணுக்குத் தெரிவதால் பலர் பின்மட்காட்டை மட்டும் பூட்டுகிறார்கள். ஆனால் கூடுதல் கெடுதி செய்வது முன்சில்லு. அது வீசும் தண்ணீர் சப்பாத்தையும் செயினையும் நேரே தாக்குகிறது. விடிகாலை வேலைக்குப் போகிறவர் ஈரக் காலுறையோடு எட்டு மணித்தியாலம் நிற்கவேண்டி வரும். பனிக்காலத்தில் வீதியில் தூவும் உப்பும் மணலும் செயினுக்குள் புகுந்து அதைத் தேய்த்துவிடும்.

வாங்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். மட்காட் ரயரைவிட ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றராவது அகலமாக இருக்கவேண்டும். முன்மட்காட்டின் அடியில் தொங்கும் றப்பர்த் துண்டு நிலத்துக்கு அண்மையாக இறங்கினால்தான் கால் நனையாது. ரயருக்கும் தகட்டுக்கும் இடைவெளி மிகக் குறைந்தால் இலையும் பனியும் இறுகிவிடும். தடியொன்று சிக்கினால் முன்சில்லு பூட்டி, ஓடுபவர் தலைகீழாக விழவும் கூடும். ஆகவே இழுபட்டால் தானே கழன்றுவிடும் கொளுக்கி உள்ள முன்மட்காட்டையே கேளுங்கள். பழைய சைக்கிள் வாங்குபவர்கள், சில்லின் அச்சுக்கு அருகே மட்காட் கம்பியைப் பூட்டத் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். துளை இல்லாவிட்டால், செருகிப் பூட்டும் பிளாஸ்ரிக் மட்காட் ஓரளவுக்கு உதவும்.

இன்னொன்று. பின்மட்காட் உங்கள் முதுகுக்கு மட்டும் அல்ல. மழையில் உங்களைப் பின்தொடர்ந்து சின்னச் சைக்கிளில் வரும் பிள்ளையின் முகம், உங்கள் பின்சில்லு வீசும் சேற்றின் உயரத்தில்தான் இருக்கிறது.