சதுரங்கத்தின் மூன்று பருவங்கள்

சதுரங்கம் ஆடுவோர் இருவர் ஓரிடத்தில் சந்தித்துவிட்டால், ஆட்டம் முடிந்த பின்னரும் அவர்கள் பேச்சு முடிவதில்லை. அத்தகைய வேளையில் அவர்களை அணுகி, "ஆட்டத்தில் உங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி எது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் தொடக்கம் என்பார். மற்றவர் இடையாட்டம் என்று அடித்துச் சொல்வார். அருகிலே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாமவர், பெரும்பாலும் வயதில் மூத்தவர், இறுதியாட்டம் என்று மெல்லக் கூறிவிட்டுப் புன்னகை புரிவார்.

என் பெரியப்பா அந்த மூன்றாம் வகையினர். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்திற்குள் அரசிகளை மாற்றிக்கொள்ள வழி தேடுவார். சிறுவனாயிருந்த எனக்கு அது பெரும் எரிச்சலைத் தந்தது. அரசி போனபின் ஆட்டத்தில் என்ன இருக்கிறது என்பதே அந்நாளில் என் எண்ணம். சில சிப்பாய்களும் ஒரு யானையும் மட்டுமே எஞ்சிய பலகையில் அவர் என்னை ஓசையின்றித் தோற்கடிப்பார். எந்த இடத்தில் தோற்றேன் என்பதுகூட எனக்கு விளங்காது!

இந்த நினைவு மீண்டும் எழக் காரணம் என் பேரன். ஒன்பது வயதினன்; சதுரங்க வகுப்புக்குச் செல்கிறான். ஒருநாள் என்னோடு ஆட அமர்ந்தவன் முதற் பன்னிரண்டு நகர்த்தல்களை மின்னல் வேகத்தில் ஆடினான். எல்லாம் மனப்பாடம். பதின்மூன்றாவதாக நான் அவன் பாடத்தில் இல்லாத ஒரு சிப்பாயை நகர்த்தினேன். பிள்ளை திகைத்துப்போய், "இதற்கு என்ன ஆடுவதென்று சொல்லித் தரவில்லையே, தாத்தா!" என்றான். அன்று தோற்றவன், இனி வகுப்புக்குப் போகமாட்டேன் என்று தன் தாயிடம் அழுதான்.

தொடக்கத்தை விரும்புவோரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. தொடக்கத்திற்கென்று தனி இன்பம் உண்டு. வெள்ளைக்கு முதல் நகர்த்தலாக இருபது வழிகள் உள்ளன. சிப்பாய்களால் பதினாறு, குதிரைகளால் நான்கு. கறுப்புக்கும் அவ்வாறே இருபது. ஆக, ஆளுக்கு ஒருமுறை ஆடியதுமே 400 நிலைகள்! ஆளுக்கு இருமுறை ஆடினால் ஆட்டம் செல்லக்கூடிய வழிகள் 1,97,281. இப்பெருங்காட்டினூடே முன்னோர் நடந்து நடந்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதைகளே இன்று பெயர் பெற்று விளங்கும் தொடக்க முறைகள். அவற்றுள் மிகப் புகழ்பெற்ற ஒன்று ஸ்பெயின் நாட்டுக் குருவானவரான ரூய் லோப்பஸ் என்பவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1561ஆம் ஆண்டில் அவர் சதுரங்கத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எதிராளியின் கண்களில் வெயில் படும்படியாகப் பலகையை வைத்துக்கொள்க என்பது அந்நூலில் அவர் தரும் அறிவுரைகளுள் ஒன்று. குருவானவர் சொல்லக்கூடிய அறிவுரைதானா இது என்று வாசகர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்!

தொடக்கத்தின் மெய்யான இன்பம் மனப்பாடத்தில் இல்லை. உறங்கிக் கிடக்கும் காய்களை ஒவ்வொன்றாக எழுப்பி வேலைக்கு அனுப்புவதில் இருக்கிறது. 1858ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து இசை நாடக அரங்கில், நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே, அமெரிக்க இளைஞர் பால் மார்ஃபி ஒரு கோமகனையும் ஒரு பிரபுவையும் எதிர்த்து ஆடினார். அவ்விருவரும் கலந்து பேசி ஆடினர். மார்ஃபியோ தம் காய்கள் அனைத்தையும் விரைந்து களத்தில் இறக்கி, பதினாறாம் நகர்த்தலில் அரசியையே பலி கொடுத்து, பதினேழாம் நகர்த்தலில் யானையால் எதிரி அரசனை வீழ்த்தினார். எதிரணியின் மந்திரி ஒன்றும் யானை ஒன்றும் கடைசிவரை இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. இந்த ஓர் ஆட்டத்தை உணர்ந்து கற்ற பிள்ளை, பதின்மூன்றாம் நகர்த்தலில் திகைத்து நிற்கமாட்டான். மனப்பாடத்தின் மீது சலிப்புற்ற பெரும் ஆட்டக்காரர்களும் உண்டு. 1972இல் உலக வாகையராகிய பாபி ஃபிஷர், முதல் வரிசைக் காய்களை 960 வகைகளில் மாற்றி அடுக்கித் தொடங்கும் ஒரு புதிய ஆட்ட முறையை 1996இல் அறிவித்தார். பன்னிரண்டு நகர்த்தல் பாடங்களுக்கு அதில் வேலையில்லை.

இடையாட்டத்தை விரும்புவோர்தாம் எண்ணிக்கையில் மிகுதி. அதில் வியப்பில்லை. பாதை முடிந்து காடு தொடங்கும் இடம் அது. இருதரப்புக் காய்களும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. எந்த மூலையிலிருந்து இடி விழும் என்பதை எவரும் அறியார். இப்பருவத்தின் மன்னர் என்று லாட்வியா நாட்டின் ரீகா நகரில் பிறந்த மிகயில் தாலைச் சொல்லலாம். 1960இல் மாஸ்கோவில் நடந்த உலகப் போட்டியில், இருபத்து மூன்று வயதினரான அவர் மாபெரும் ஆட்டக்காரரான போட்வின்னிக்கை எதிர்த்தார். ஆறாம் ஆட்டத்தில், இருபத்தோராம் நகர்த்தலாகத் தம் குதிரையைப் பகைவர் வெட்டும்படியான கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். பார்வையாளர் கூட்டம் பொங்கி எழுந்தது. இரைச்சல் அடங்காமற் போகவே, ஆட்டத்தை மேடைக்குப் பின்னாலிருந்த அறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று! தால் வென்றார். பின்னர் அமைதியாக ஆராய்ந்தவர்கள், போட்வின்னிக்குக்கு நல்ல மறுமொழி ஒன்று இருந்தது என்று காட்டினர். இருந்ததுதான். ஆனால், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, அதைப் பலகையின் முன் அமர்ந்து காண்பதல்லவா கடினம்! அடுத்த ஆண்டே போட்வின்னிக் பட்டத்தை மீட்டுக்கொண்டார். ஆயினும், அந்தக் குதிரையைப் பற்றி மக்கள் இன்றும் பேசுகின்றனர்.

இனி, பெரியப்பாவின் பருவத்திற்கு வருவோம்.

இறுதியாட்டத்தில் பலகை ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடக்கிறது. கூட்டம் கலைந்த திருவிழாத் திடல் போலத் தோன்றும். ஆனால், அங்கேதான் ஓர் அதிசய மாற்றம் நிகழ்கிறது. அதுவரை மூலையில் ஒளிந்து கிடந்த அரசன் தானே போர்வீரனாகப் புறப்படுகிறான். யாரும் மதியாத சிப்பாய், எட்டாம் வரிசையை எட்டினால் அரசியாகும் என்பதால், பெருமதிப்புப் பெறுகிறது. இன்னும் ஒரு விந்தை. தொடக்கத்தில் ஒரு நகர்த்தல் கிடைப்பது வரம். இறுதியாட்டத்திலோ, ஆடாமல் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம், ஆடியே தீரவேண்டும் என்பதால் தோற்றோம் என்னும் நிலையும் வந்துவிடுகிறது.

கியூபா நாட்டின் கபபிளாங்கா (1921 முதல் 1927 வரை உலக வாகையர்) இக்கலையில் ஈடற்றவர். 1924இல் நியூயார்க் நகரில் தார்த்தகோவரை எதிர்த்து ஆடிய யானை இறுதியாட்டத்தில் அவர் தம் சிப்பாய்கள் இரண்டை, அதுவும் அரசனுக்கு முற்றுகையோடு, எதிரி எடுத்துக்கொள்ள விட்டார். இழப்பைப் பாராமல் அரசனை முன்னோக்கி நடத்திச் சென்றார். முன்னே சென்ற அரசன், எளிதில் வெட்டியிருக்கக்கூடிய எதிரிச் சிப்பாய் ஒன்றை வெட்டாமல் விட்டு, அதன் மறைவிலேயே நின்று முற்றுகைகளிலிருந்து தப்பினான். பகைவனின் சிப்பாயே அவனுக்குக் குடையாயிற்று! அமைதியை விரும்பும் மனிதர்கள் இறுதியாட்டத்தின்மேல் ஏன் காதல் கொள்கிறார்கள் என்பதற்கு இந்த ஆட்டமே போதிய விளக்கம். அதே கபபிளாங்கா 1921இல் வெளியிட்ட பாடநூல், நீண்ட தொடக்க முறைகளோடு தொடங்கவில்லை. சில காய்களே உள்ள எளிய முடிவுகளோடு தொடங்குகிறது. பிள்ளைகளுக்கு அதுவே சரியான வரிசை என்பது என் துணிபு.

இறுதியாட்டம் பொறுமையின் களம் என்பதற்கு அண்மைக் காலச் சான்றுகளும் உண்டு. 2021இல் துபாயில் கார்ல்சன், நெப்போம்னியாட்சி ஆகிய இருவர் ஆடிய உலகப் போட்டியின் ஆறாம் ஆட்டம் 136 நகர்த்தல்கள் நீண்டது. ஏழரை மணி நேரத்திற்கு மேலாயிற்று. கார்ல்சன் வென்றார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், பதினான்காம் ஆட்டத்தில், சென்னையின் குகேஷ் ஒரே ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு சீனரான டிங் லிரனை விடாது துன்புறுத்திக்கொண்டிருந்தார். சமநிலையில் முடியும் என்றே பலரும் எண்ணினர். டிங் தம் யானையை மாற்றிக்கொள்ள முன்வந்தார். அவருடைய மந்திரியோ பலகையின் மூலையில் கிடந்தது. அதையும் மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் நேரும் என்பதை அவர் கவனிக்கவில்லை. அரசர்களும் சிப்பாய்களும் மட்டும் எஞ்சினர். 58ஆம் நகர்த்தலில் பதினெட்டு வயது இளைஞர் உலக வாகையரானார். தொடக்கத்தில் எவ்வளவு ஆயத்தம் செய்திருந்தாலும், பட்டம் தீர்மானமானது பெரியப்பாவின் பருவத்தில்தான்!

அழுத பேரனுக்கு ஆறுதல் சொல்லாமல், மறுநாள் மாலை நான்கே காய்களைப் பலகையில் வைத்தேன். ரிச்சர்ட் ரேட்டி என்பவர் 1921இல் இயற்றிய புதிர் அது. வீட்டில் பலகை உள்ளவர்கள் வைத்துப் பார்க்கலாம். வெள்ளை ஆடுபவரின் இடப்புறமிருந்து வரிகளையும், அவர் பக்கமிருந்து வரிசைகளையும் எண்ணுக. வெள்ளை அரசன் எட்டாம் வரி, எட்டாம் வரிசை, அதாவது மூலை. வெள்ளைச் சிப்பாய் மூன்றாம் வரி, ஆறாம் வரிசை. கறுப்பு அரசன் முதல் வரி, ஆறாம் வரிசை. கறுப்புச் சிப்பாய் எட்டாம் வரி, ஐந்தாம் வரிசை. வெள்ளை ஆட வேண்டும். தோற்காமல் தப்ப வேண்டும்.

"முடியாது தாத்தா. அந்தச் சிப்பாயைத் துரத்திப் பிடிக்கமுடியாது. என் சிப்பாயைக் காப்பாற்றவும் அரசன் வெகு தூரத்தில் இருக்கிறான்" என்றான். அவன் கூற்று உண்மையே. இரண்டில் எதை மட்டும் செய்யப் போனாலும் வெள்ளைக்குத் தோல்விதான்.

அரை மணி நேரம் கழிந்தது. பிள்ளை அரசனைச் சாய்வாக ஓரடி வைத்தான். நான் சிப்பாயை ஓட்டினேன். மீண்டும் சாய்வாக ஓரடி. நான் என் அரசனால் அவன் சிப்பாயை நெருங்கினேன். மூன்றாம் முறையும் சாய்வாகவே நடந்து, அரசன் பலகையின் நடுவே வந்து நின்றான். அப்போதுதான் அவன் முகம் மலர்ந்தது. அங்கிருந்து ஒரு பக்கம் போனால் தன் சிப்பாய்க்குத் துணை. மறுபக்கம் போனால் என் சிப்பாய்க்குக் காலன். நான் எதைத் தடுத்தாலும் மற்றது நடந்துவிடும்! பலகையில் சாய்வாகச் செல்லும் அரசனுக்கு, நேராகச் செல்பவனைவிட ஓரடியும் கூடுதலாகத் தேவைப்படுவதில்லை. ஒரே நடையில் இரண்டு வேலைகளை முடித்துக்கொள்கிறான். அவனுடைய சிப்பாயை நான் வெட்டினேன். அவன் திரும்பிவந்து என்னுடையதை வெட்டினான். பலகையில் இரண்டு அரசர்கள் மட்டும் நின்றனர்.

பிள்ளை சிரிக்கவில்லை. நான்கு காய்களையும் எடுத்துப் பழைய இடங்களில் கவனமாக வைத்தான். பிறகு பலகையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, "இந்த முறை நான் கறுப்பு, தாத்தா" என்றான்.