கந்தக பேட்டரி: ஏஜென்சி எடுக்கலாமா?

இன்வெர்ட்டர், எலக்ட்ரானிக் தராசு, பில் இயந்திரம் என நம் கடைகளில் பாதி வேலை பேட்டரியை நம்பியே நடக்கிறது. ஆகவே, "லித்தியம்-கந்தக பேட்டரி வருகிறதாமே, ஏஜென்சிக்கு முன்பணம் கட்டலாமா?" என்று வணிக அன்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நாம் படித்தறிந்த வரை சொல்கிறோம்.

கோபால்ட்டும் நிக்கலும் விலை கூடிய சரக்கு. கந்தகமோ பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளில் மலையாகக் குவிவது. நாட்டு மருந்துக் கடையில் கட்டியாகக் கிடப்பதும் அதுதான். கணக்குப்படி ஒரு கிராம் கந்தகம் 1675 மில்லி ஆம்பியர்-மணி மின்சாரம் கொள்ளும். இன்றைய லித்தியம் பேட்டரியில் அந்த இடத்தில் உள்ள பொருள்கள் ஏறத்தாழ 150 முதல் 200 வரைதான்.

பிறகு ஏன் கடைக்கு வரவில்லை? ஒழுக்குதான் காரணம். பேட்டரி வேலை செய்யும்போது கந்தகம் 'பாலிசல்பைடு' என்னும் பொருளாகி உள்ளிருக்கும் திரவத்தில் கரைகிறது. நடுவில் இருக்கும் மெல்லிய தடுப்புத் தாளின் துளைகள் வழியே மறுபக்கம் போய் லித்தியத்தைக் கெடுக்கிறது. ஓட்டைச் சாக்கில் சீனி அனுப்பினால் லாரி ஊர் சேருமுன் எடை குறைவதைப் போலத்தான். (அந்தத் தாளும் பெரும்பாலும் நம் அரிசிப் பை நெய்யும் அதே பாலிபுரொப்பிலீன்தான்!)

இந்தத் தாளின் கந்தகப் பக்கத்தில் கரிப் பூச்சு கொடுத்தார்கள். கரி, கரைந்து வருவதைப் பிடித்து நிறுத்துகிறது. மின்சாரம் கடத்துவதால், பிடித்ததை மறுபடி வேலைக்கும் விடுகிறது. முடங்கிய பாக்கி வசூலாகி முதலில் சேர்ந்தது போல! ஆனால் பூச்சு தடித்தால் எடை கூடும், லித்தியம் போய்வருவதும் தடைப்படும். இதில் பெயர் பெற்றவர் நம் தமிழ்நாட்டில் பிறந்து மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவரது குழு 2014-ல் இலேசான கரிப் பூச்சுத் தாளை வெளியிட்டது.

2010-ல் 'செபிர்' என்னும் ஆளில்லா சூரிய விமானம் கந்தக பேட்டரியுடன் 14 நாள் தொடர்ந்து பறந்தது உண்மை. இதையே தொழிலாகக் கொண்ட இங்கிலாந்தின் ஆக்சிஸ் எனர்ஜி 2021-ல் நொடித்ததும் உண்மை. எடை குறைய வேண்டிய விமானத்துக்கு இது பொருந்தும். தரையில் கிடக்கும் இன்வெர்ட்டருக்கு எடை ஒரு பொருட்டல்ல, பல ஆண்டு உழைப்பே கணக்கு. அந்த உழைப்பில்தான் இது இன்னும் பின்தங்கி நிற்கிறது. தடுப்பைச் சரி செய்தாலும் லித்தியத் தகடு தேய்வது தனிக் கதை.

ஆகவே, முன்பணம் கேட்டு வருவோரிடம் எத்தனை தடவை சார்ஜ் தாங்கும் என்று எழுத்து மூலம் கேளுங்கள். பதில் வரும் வரை பணம் கல்லாவிலேயே இருக்கட்டும்.